ஆம்புலன்ஸில் ஏன் குழாய் போடவில்லை?

சில மாதங்களுக்கு முன் ஓர் இரவு, அறுபத்தெட்டு வயதுப் பெரியவர் ஒருவர் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்டார். இரவு உணவு முடித்து நாற்காலியில் அமர்ந்திருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஆம்புலன்ஸில் வந்த மருத்துவ உதவியாளர் அவரைத் தரையில் கிடத்தி நெஞ்சை அழுத்தினார். முகமூடியும் பையும் கொண்டு மூச்சுக் கொடுத்தார். பிறகு வாய்க்குள் மென்மையான ஒரு சாதனத்தைச் செருகி அதன் வழியாகக் காற்றைச் செலுத்தியபடியே கொண்டுவந்து சேர்த்தார். இங்கு வந்த பின் நாங்கள் அந்தச் சாதனத்தை எடுத்துவிட்டு, மூச்சுக்குழாய்க்குள் நேரடியாகக் குழாய் செலுத்தி வென்டிலேட்டருடன் இணைத்தோம். இதயம் மீண்டும் துடித்தது. மூளை விழிக்கவில்லை. மூன்றாம் நாள் அவர் காலமானார்.

அவருடைய மகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் என்னிடம் கேட்டார்: “இங்க வந்ததும் நீங்க போட்ட குழாயை, அவங்க வீட்டுலயே போட்டிருந்தா அப்பா பிழைச்சிருப்பாரா டாக்டர்? அந்தப் பையனுக்கு அதைப் போடத் தெரியலையா?”

இக்கேள்வியை வெவ்வேறு குடும்பத்தார் வெவ்வேறு சொற்களில் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நடைபாதையில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் இதற்கு விடை கூற இயலாது. அன்று நான் கூறியதையும், நேரமின்மையால் கூறாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

இரண்டு வழிகள், ஒரே வாசல்

நம் தொண்டையின் அடியில் இரண்டு பாதைகள் பிரிகின்றன. முன்புறம் இருப்பது மூச்சுக்குழாய். பின்புறம் இருப்பது உணவுக்குழாய். மூச்சுக்குழாயின் தலைவாயிலில் குரல்வளை அமைந்துள்ளது. அதன்மேல் சிறிய இலைபோன்ற குரல்வளை மூடி கவிந்திருக்கிறது. நாம் நினைவோடு இருக்கும்வரை ஒவ்வொரு கவளத்தையும் ஒவ்வொரு மிடறு நீரையும் உடல் தானாகவே சரியான பாதைக்கு அனுப்பிவிடுகிறது. எப்போதாவது வழி தவறினால் புரையேறி இருமுகிறோம்.

நினைவு தப்பியவருக்கு இந்தக் காவல் இல்லை. நாக்கின் அடிப்பகுதி தளர்ந்து பின்னே சரிந்து தொண்டையை அடைத்துக்கொள்கிறது. வயிற்றிலிருப்பது மேலேறி வந்தால் அதைத் தடுத்து இருமும் ஆற்றலும் இருப்பதில்லை. இதயமும் நின்றுபோயிருந்தால், மூளைக்கு ஆக்சிஜன் முற்றிலும் நின்றுவிடுகிறது. நான்கைந்து நிமிடங்களில் மூளையின் உயிரணுக்கள் சேதமடையத் தொடங்குகின்றன. ஆகவே ஆம்புலன்ஸில் வருபவர் முன் உள்ள பணி இரண்டு: காற்று உள்ளே செல்லும் பாதையைத் திறந்து வைப்பது, அதன் வழியே ஆக்சிஜனை நுரையீரலுக்குச் சேர்ப்பது. இதற்கு அவரிடம் மூன்று வகைக் கருவிகள் இருக்கக்கூடும்.

பையும் முகமூடியும்

முதலாவது, மிக எளியதாகத் தோன்றுவது. மூக்கையும் வாயையும் மூடும் முகமூடி. அதனுடன் இணைந்த, கையால் அழுத்தும் பை. மருத்துவமனைகளில் இதை ‘ஆம்பு பை’ என்று அழைப்பது வழக்கம். டென்மார்க்கின் ஹென்னிங் ரூபன் என்ற மருத்துவரும் ஹோல்கர் ஹெஸ்ஸே என்ற பொறியாளரும் 1956-இல் உருவாக்கிய, அழுத்தி விட்டதும் தானே விரிந்து காற்றை நிரப்பிக்கொள்ளும் பை இது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1952-இல், அதே நாட்டின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் கொள்ளைநோயாகப் பரவியபோது, மூச்சுத்தசைகள் செயலிழந்தவர்களின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் கையால் பையை அழுத்தி உயிர் காத்தார்கள். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகள் தோன்றியதற்கு அந்தக் கைகளே காரணம். பையை அழுத்துவதை ஏதோ தற்காலிக ஒப்பேற்றல் என்று எண்ணுபவர்களுக்கு நான் இதைச் சொல்வதுண்டு.

எளியதாகத் தோன்றுகிறதே தவிர, இதைச் செம்மையாகச் செய்வது கடினம். ஒரு கையால் தாடையைத் தூக்கி முகமூடியை முகத்தோடு பொருத்த வேண்டும். மறு கையால் பையை அழுத்த வேண்டும். அடர்ந்த தாடி, பல்லில்லாத குழிந்த கன்னம், பருத்த கழுத்து ஆகிய எது இருந்தாலும் காற்று ஓரத்தில் கசியும். இருவர் சேர்ந்து செய்தால், ஒருவர் இரு கைகளாலும் முகமூடியைப் பிடிக்க மற்றவர் பையை அழுத்தினால், பலன் பெரிதும் கூடும். ஓடும் வண்டியில் இருவர் எப்போதும் கிடைப்பதில்லை.

பதற்றத்தில் பையை வேகமாகவும் பலமாகவும் அழுத்துவது இன்னொரு தவறு. பெரியவர்களுக்கான பை சுமார் ஒன்றரை லிட்டர் கொள்ளும். ஒரு மூச்சுக்குத் தேவையோ அரை லிட்டர் அளவே. மிகுதிக் காற்று வயிற்றுக்குள் புகுந்து அதை உப்பச் செய்யும். வயிறு உப்பினால் வாந்தி வரும். வாந்தி நுரையீரலுக்குள் இறங்கும். நெஞ்சுக்குள் காற்றழுத்தம் கூடுவதால், இதயத்துக்குத் திரும்பிவரும் இரத்தமும் குறையும். அதனால்தான் இதயம் நின்றவருக்கு முப்பது முறை நெஞ்சை அழுத்திவிட்டு இரண்டே இரண்டு மூச்சு என்று கணக்கு வைத்திருக்கிறோம். பார்ப்பவர்களுக்கு “மெதுவாக அழுத்துகிறாரே” என்று தோன்றலாம். அவர் சரியாகச் செய்கிறார் என்பதே அதன் பொருள்.

மூச்சுக்குழாய்க்குள் செலுத்தும் குழாய்

இரண்டாவது, பலரும் ‘குழாய் போடுவது’ என்று சொல்லும் முறை. பெரியவர்களுக்கு ஏழு அல்லது எட்டு மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள வளைந்த பிளாஸ்டிக் குழாய், குரல் நாண்களின் இடையே நுழைந்து மூச்சுக்குழாய்க்குள் இறங்குகிறது. அதன் நுனியருகே உள்ள சிறு பலூனை ஊதினால், குழாயைச் சுற்றியுள்ள இடைவெளி அடைபடும். மேலிருந்து வாந்தியோ இரத்தமோ நுரையீரலுக்குள் இறங்குவதை இது பெருமளவு தடுக்கிறது. வென்டிலேட்டரில் பல நாட்கள் வைத்திருக்க வேண்டியவருக்கு இதைவிட நல்ல பாதை வேறில்லை. நாங்கள் இங்கே இதைச் செய்வதற்குக் காரணம் அதுதான்.

குரல் நாண்களை நம் கண்ணால் பார்க்க வேண்டுமே, எப்படி? 1854-இல் மானுவல் கார்சியா என்ற இசையாசிரியர், பாடும்போது தம் குரல் எவ்வாறு பிறக்கிறது என்று அறியும் ஆவலில், பல் மருத்துவர் பயன்படுத்தும் சிறு கண்ணாடியையும் சூரிய ஒளியையும் கொண்டு தம் குரல் நாண்களைத் தாமே கண்டார். மருத்துவரல்லாத ஒருவர் திறந்துவைத்த கதவு அது. இன்று நாங்கள் கையாளும் லாரிங்கோஸ்கோப் என்ற கருவி ஒரு கைப்பிடியும், நுனியில் விளக்குடன் கூடிய உலோகத் தகடும் கொண்டது; வளைந்த தகட்டை 1943-இல் ஆக்ஸ்போர்டின் ராபர்ட் மேகிண்டாஷ் அறிமுகப்படுத்தினார். அதை வாயின் வழியே செலுத்தி, நாக்கை ஒதுக்கி, குரல்வளை மூடியை உயர்த்தினால் குரல் நாண்கள் தெரியும். தெரிய வேண்டும். அறுவை அரங்கில், நல்ல வெளிச்சத்தில், வெறும் வயிற்றோடு படுத்திருக்கும் நோயாளியிடத்திலேயே சில வேளைகளில் தெரிவதில்லை. இரவு பத்து மணிக்கு, கட்டிலுக்கும் பீரோவுக்கும் இடையே, இப்போதுதான் சாப்பிட்டு முடித்த ஒருவரின் வாயில் வாந்தி நிறைந்திருக்கும்போது, தரையில் முழந்தாளிட்டுக் குனிந்து பார்ப்பவருக்கு எவ்வளவு தெரியும் என்பதைத் தாங்களே எண்ணிப் பாருங்கள்.

இதில் ஒரு பேராபத்தும் உண்டு. குழாய், பக்கத்திலுள்ள உணவுக்குழாய்க்குள் சென்றுவிடலாம். அதைவிடக் கொடியது, அவ்வாறு சென்றதைக் கவனியாதிருப்பது.

என் பட்டமேற்படிப்பின் முதலாண்டில் இது எனக்கே நேர்ந்தது. அறுவை அரங்கில் மயக்கம் கொடுக்கப்பட்ட ஒருவருக்குக் குழாயைச் செலுத்தினேன். குரல் நாண்களைப் பார்த்ததாகவே நம்பினேன். பையை அழுத்தியபோது நெஞ்சு உயர்ந்ததுபோல் தோன்றியது. ஸ்டெதஸ்கோப்பில் மூச்சொலி கேட்டதுபோலும் இருந்தது. திரையில் மட்டும் கரியமில வாயுவைக் காட்டும் கோடு எழும்பாமல் தரையோடு தரையாகக் கிடந்தது. “கருவி வேலை செய்யவில்லை போலும்” என்றேன். என் பேராசிரியர் மறுமொழி கூறவில்லை. என் கையை விலக்கி, குழாயை உருவி எறிந்து, முகமூடி வைத்துப் பையை அழுத்தத் தொடங்கினார். கோடு அலையலையாக எழும்பியது. நோயாளிக்கு ஒன்றும் நேரவில்லை. என் கண்ணும் காதும் எவ்வளவு எளிதாக என்னை ஏமாற்றின என்பது இன்றும் எனக்கு அச்சமாக இருக்கிறது.

அந்தக் கோட்டைக் காட்டும் கருவிக்குக் கேப்னோகிராஃப் என்று பெயர். நுரையீரலிலிருந்து வெளிவரும் மூச்சில் கரியமில வாயு உண்டு. வயிற்றிலிருந்து வரும் காற்றில் அது இருப்பதில்லை. எனவே குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்பதற்கு இதைவிட நம்பத்தக்க சாட்சி இல்லை. அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில் பாராமெடிக்குகள் குழாய் செலுத்திக் கொண்டுவந்த 108 நோயாளிகளை மருத்துவமனை வாசலிலேயே பரிசோதித்த ஓர் ஆய்வு 2001-இல் வெளிவந்தது. நால்வரில் ஒருவருக்குக் குழாய் தவறான இடத்தில் இருந்தது. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு உணவுக்குழாய்க்குள் இருந்தன. நான்கு ஆண்டுகளுக்குப் பின் அதே வட்டாரத்தில் நடந்த மற்றோர் ஆய்வில், கேப்னோகிராஃபைத் தொடர்ந்து பயன்படுத்தியவர்களிடம் இவ்வாறு கவனிக்கப்படாமல் போன தவறு ஒன்றுகூட இல்லை. பயன்படுத்தாதவர்களிடம் அது 23 விழுக்காட்டுக்கும் மேலாக இருந்தது. என் உறுதியான கருத்து இதுதான்: கேப்னோகிராஃப் இல்லாத வண்டியில் குழாய் செலுத்தாமலிருப்பதே நோயாளிக்கு நல்லது.

பழக்கம் என்பதும் உண்டு. மயக்கவியல் பயில்பவர் ஐம்பதுக்கும் மேற்பட்ட முறை குழாய் செலுத்திய பிறகே பத்தில் ஒன்பது முறை வெற்றி பெறும் நிலையை அடைகிறார். நான் ஒரு மாதத்தில் செய்யும் எண்ணிக்கையை ஆம்புலன்ஸ் ஊழியர் ஒருவர் பல ஆண்டுகளில்கூடச் செய்ய வாய்ப்பில்லை. பென்சில்வேனியா மாநிலத்தில் கணக்கெடுத்தபோது, அங்குள்ள பாராமெடிக்குகளில் பெரும்பாலோர் ஓராண்டில் செலுத்திய குழாய் ஒன்றிரண்டுதான். கார் ஓட்டும் உரிமம் பெற்றுவிட்டு ஆண்டுக்கு ஒரு நாள் மட்டும் மலைப்பாதையில், மழையில் ஓட்டுவதைப்போன்றது இது.

குரல்வளையின் மேல் அமரும் சாதனங்கள்

மூன்றாவது வகை, இவ்விரண்டுக்கும் இடையே உள்ளது. குரல் நாண்களைக் கண்ணால் தேடாமலேயே, வாய் வழியாகத் தள்ளினால் தொண்டையின் அடியில் சென்று குரல்வளையைச் சூழ்ந்து அமர்ந்துகொள்ளும் சாதனம். பிரிட்டனைச் சேர்ந்த ஆர்ச்சி பிரெய்ன் என்ற மயக்கவியல் மருத்துவர் 1980-களின் தொடக்கத்தில் உருவாக்கிய குரல்வளை முகமூடி இவ்வகையின் முன்னோடி. அந்த வழியில் வந்த ஐ-ஜெல் என்பதையே மேலே கூறிய பெரியவருக்கு ஆம்புலன்ஸில் செருகியிருந்தார்கள். இதில் ஊதவேண்டிய பலூன் இல்லை. மென்மையான ஜெல்போன்ற விளிம்பு தொண்டையின் வடிவத்துக்கேற்பப் பொருந்திக்கொள்கிறது. 30 முதல் 60 கிலோ எடையுள்ளவருக்கு 3-ஆம் அளவு, 50 முதல் 90 கிலோ வரை 4-ஆம் அளவு, அதற்கு மேல் 5-ஆம் அளவு என்று உறையிலேயே அச்சிட்டிருக்கும். வயிற்றிலிருந்து வருவதை உறிஞ்சி எடுக்கத் தனித் துளையும் உண்டு. பழகியவர் சில நொடிகளில், நெஞ்சழுத்தத்தை நிறுத்தாமலேயே, செருகிவிடலாம். அமெரிக்காவில், இரண்டு பலூன்கள் கொண்ட ‘லாரிஞ்சியல் டியூப்’ என்ற மற்றொரு சாதனம் வழக்கத்தில் உள்ளது. அதன் நோக்கமும் இதுவே.

இதன் குறை, இது வாசலில் நிற்பதே தவிர உள்ளே செல்வதில்லை. குரல்வளையே வீங்கி அடைபட்டிருந்தால், தீப்புகையைச் சுவாசித்தவருக்கும் கடும் ஒவ்வாமையால் தொண்டை வீங்கியவருக்கும் நேர்வதைப்போல, வாசலில் நின்று தட்டுவதால் பயனில்லை. அங்கே குழாயே வேண்டும். சில வேளைகளில் கழுத்தின் முன்புறம் கீறித் துளையிடவும் நேரிடும்.

ஒப்பிட்டுப் பார்த்தபோது

எது சிறந்தது என்பதைக் கருத்தால் தீர்மானிக்க வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2018-ஆம் ஆண்டில் மட்டும் மூன்று பெரிய ஆய்வுகள் வெளிவந்தன. மூன்றும் மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றுபோன பெரியவர்களைப் பற்றியவை.

இங்கிலாந்தின் நான்கு ஆம்புலன்ஸ் சேவைகளில், ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பாராமெடிக்குகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர் முதலில் ஐ-ஜெல்லையும் மற்றவர் முதலில் குழாயையும் பயன்படுத்துமாறு செய்தார்கள். நோயாளிகள் 9,296 பேர். உயிர்பிழைத்து, தம் வேலைகளை ஓரளவேனும் தாமே செய்துகொள்ளும் நிலையில் இருந்தவர்கள் ஐ-ஜெல் பிரிவில் 6.4 விழுக்காடு, குழாய்ப் பிரிவில் 6.8 விழுக்காடு. இந்த வேறுபாடு தற்செயலாகவே நேரக்கூடியது என்று கணக்கியல் கூறுகிறது. காற்றைச் செலுத்துவதில் வெற்றி கண்டது ஐ-ஜெல் பிரிவில் 87 விழுக்காடு, குழாய்ப் பிரிவில் 79 விழுக்காடு. குழாய் மட்டுமே நுரையீரலைக் காக்கும் என்று என் ஆசிரியர்கள் எனக்குக் கற்பித்திருந்தார்கள். ஆனால் வயிற்றிலிருப்பது மேலேறி வருவதும் நுரையீரலுக்குள் இறங்குவதும் இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தன. அந்தப் பகுதியை நான் இருமுறை படித்தேன்.

அமெரிக்காவில் 3,004 பேரிடம் லாரிஞ்சியல் டியூபையும் குழாயையும் ஒப்பிட்டார்கள். 72 மணி நேரம் கடந்தும் உயிரோடிருந்தவர்கள் முன்னதில் 18.3 விழுக்காடு, பின்னதில் 15.4 விழுக்காடு. முதலில் கையாண்ட முறையே பலன் தந்தது லாரிஞ்சியல் டியூபில் பத்தில் ஒன்பது பேருக்கு. குழாயில் பாதிப் பேருக்குச் சற்றே மேல். குழாய் என்ற கருவியில் குற்றமில்லை. அது உள்ளே சென்றால்தானே பலன்!

பிரான்சிலும் பெல்ஜியத்திலும் ஆம்புலன்ஸில் மருத்துவரே செல்வார். அங்கே 2,043 பேரிடம் பையும் முகமூடியும் ஒரு புறம், குழாய் மறு புறம் என ஒப்பிட்டார்கள். இருபத்தெட்டாம் நாளில் மூளை நலத்தோடு இருந்தவர்கள் 4.3 விழுக்காடு, 4.2 விழுக்காடு. பைப் பிரிவில் வாந்தி மேலேறியது இரு மடங்கு மிகுதி. காற்றைச் செலுத்த முடியாமல் போனதும் மிகுதி. ஆகவே இரண்டும் சமம் என்று அந்த ஆய்வாளர்கள் உறுதிகூறவில்லை. நானும் கூறமாட்டேன்.

குழந்தைகளைப் பற்றி இதற்கும் முன்பே, 2000-இல், லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் 830 சிறுவர்களிடம் செய்த ஆய்வு வெளிவந்தது. பையும் முகமூடியும் மட்டும் பயன்படுத்தப்பட்டவர்களில் 30 விழுக்காட்டினரும், குழாய் செலுத்த முற்பட்டவர்களில் 26 விழுக்காட்டினரும் பிழைத்தார்கள்; இங்கும் தற்செயலை மீறிய வேறுபாடு இல்லை. பெற்றோர் நினைவில் கொள்ளத்தக்க செய்தி இது. மூச்சுத்திணறும் குழந்தையை ஆம்புலன்ஸில் பையை அழுத்தியபடியே கொண்டுவருகிறார்கள் என்றால், குறைவான சிகிச்சை தரப்பட்டதாகப் பொருளில்லை.

இந்த எண்கள் அனைத்திலும் வாசகர்கள் மற்றொன்றையும் கவனித்திருப்பீர்கள். எந்தக் கருவியைக் கையாண்டாலும், வீட்டிலோ வீதியிலோ இதயம் நின்ற பெரியவர்களில் நல்ல நிலையில் மீண்டவர்கள் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் ஏறக்குறைய எங்குமே இல்லை. கருவிகளுக்கிடையே உள்ள வேறுபாடு மிகச் சிறியது.

எதிர்ப்பக்கத்தையும் கூறிவிட வேண்டும். தலையில் பலத்த அடிபட்டவர்களின் நிலை வேறு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மயக்க மருந்து கொடுத்துக் குழாய் செலுத்துவதில் சிறப்புப் பயிற்சி பெற்ற பாராமெடிக்குகள் நிகழ்விடத்திலேயே அதைச் செய்தபோது, ஆறு மாதத்துக்குப் பின் நல்ல நிலையில் இருந்தவர்கள் 51 விழுக்காடு. மருத்துவமனைக்கு வந்த பின் செய்யப்பட்டவர்களில் 39 விழுக்காடு. 312 பேரிடம் செய்யப்பட்டு 2010-இல் வெளிவந்த ஆய்வு. பயிற்சியும் மருந்தும் கண்காணிப்புக் கருவியும் இருந்தால் சாலையோரத்தில் போடும் குழாய் பயனளிக்கும் என்பதற்கு இது சான்று.

நுனியில் கேமரா பொருத்திய வீடியோ லாரிங்கோஸ்கோப் இப்போது பரவி வருகிறது. அமெரிக்க மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளிலும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலும் 1,417 பேரிடம் ஒப்பிட்டதில், முதல் முயற்சியிலேயே குழாய் உள்ளே சென்றது வீடியோ முறையில் 85 விழுக்காடு, பழைய முறையில் 71 விழுக்காடு என்று 2023-இல் தெரிவித்தார்கள். மருத்துவமனைக்குள் நான் இப்போது பெரும்பாலும் இதையே எடுக்கிறேன். வெயிலில் திரை தெரியாமல் போவதும், வாந்தியோ இரத்தமோ கேமராவை மறைப்பதும் வெளியில் இதற்குள்ள இடர்கள்.

நம்மிடையே காய்ச்சலுக்கு ஊசி போட்டால்தான் வைத்தியம், சோர்வுக்குக் குளுக்கோஸ் ஏற்றினால்தான் வைத்தியம் என்றோர் எண்ணம் உண்டு. குழாயைப் பற்றிய எண்ணமும் அத்தகையதே என்று நினைக்கிறேன். நோயாளிக்கு வேண்டியது ஆக்சிஜன். அந்த வீட்டில், அந்த நிமிடத்தில், அந்தக் கைகளால் அதை விரைவாகக் கொண்டுசேர்த்த கருவியே அவருக்கு ஏற்ற கருவி.

இதை அந்த மகளிடம் சுருக்கமாகக் கூறினேன். ஆம்புலன்ஸ் ஊழியர் எங்களிடம் ஒப்படைத்த தாளையும் காட்டினேன். வந்த நேரம், நெஞ்சழுத்தம் தொடங்கிய நேரம், ஐ-ஜெல் செருகிய நேரம், மின்னதிர்ச்சி கொடுத்த நேரம் ஆகிய அனைத்தும் அதில் இருந்தன. வண்டி வந்து ஒரு நிமிடத்துக்குள் நெஞ்சழுத்தம் தொடங்கியிருந்தது. ஆனால் அழைப்பு வந்த நேரத்துக்கும் வண்டி சேர்ந்த நேரத்துக்கும் இடையே பதினோரு நிமிடங்கள். அந்த வரியில் நான் விரலை வைக்கவில்லை.

பத்து நாட்கள் கழித்து ஆவணங்கள் வாங்க வந்தபோது அவராகவே அதைக் கேட்டார். “அந்தப் பதினோரு நிமிஷம் நாங்க என்ன டாக்டர் செஞ்சிருக்கணும்?”

முகத்தில் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். வாயில் சிறிது தண்ணீர் ஊற்றிப் பார்த்திருக்கிறார்கள். உள்ளங்காலைத் தேய்த்திருக்கிறார்கள். அன்பினால் செய்தவை, யாரும் அவர்களுக்கு வேறு எதையும் கற்றுத் தந்ததில்லை. பதினோரு நிமிடமும் சரியாகச் செய்திருந்தாலும் அவர் பிழைத்திருப்பார் என்று யாராலும் கூற இயலாது. அவரிடம் அப்படியே சொன்னேன். பிறகு, பின்வருவனவற்றைச் சொன்னேன்.

பெரியவர் ஒருவர் திடீரெனச் சாய்ந்து, தட்டி அழைத்தாலும் விழிக்காமல், மூச்சு விடாமலோ விட்டுவிட்டு ஏங்கி இழுத்தபடியோ இருந்தால் இதயம் நின்றுவிட்டதாகவே கொள்ளுங்கள். ஏங்கி இழுப்பதை ‘மூச்சு இருக்கிறது’ என்று எண்ணி ஏமாற வேண்டாம். ஒருவர் 108-ஐ அழைத்து, பேசியை ஒலிபெருக்கியில் வைத்து இணைப்பைத் துண்டிக்காமல் இருக்கட்டும். மற்றவர் நோயாளியைக் கட்டிலிலிருந்து கடினமான தரையில் மல்லாக்கக் கிடத்தி, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் இரு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, முழங்கை மடங்காமல், ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது முறை அழுத்தட்டும். ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பின்னும் நெஞ்சு முழுமையாக மேலெழ விட வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள்; களைத்த கை ஆழமாக அழுத்தாது. பயிற்சி இல்லாதவர் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டியதில்லை; பெரியவருக்கு அழுத்தம் மட்டும் போதும். நீரில் மூழ்கியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் மூச்சும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதைப் பயிற்சி வகுப்பில் நேரில் கற்பதே நல்லது.

நினைவில்லாதவர் சீராக மூச்சு விடுகிறார் என்றால், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நாக்கு பின்னே சரியாது, வாந்தி வந்தாலும் வெளியே வழியும். எந்நிலையிலும் வாயில் தண்ணீர், காபி, மாத்திரை எதுவும் வேண்டாம். வலிப்பு வந்தவரின் கையில் சாவியைத் திணிப்பதாலும், பற்களுக்கிடையே கரண்டியைச் செருகுவதாலும் பயன் இல்லை. பின்னது பல்லை உடைத்து மூச்சுப்பாதைக்குள் தள்ளிவிடக்கூடும்.

வண்டி வரும்போது வாசல் விளக்கைப் போட்டு ஒருவர் தெருமுனையில் நிற்கட்டும். நாற்காலிகளை ஒதுக்குங்கள், தலைமாட்டில் ஓர் ஆள் முழந்தாளிட இடம் வேண்டும். வருபவரிடம் கேட்காமலே சொல்ல வேண்டியவை: எப்போது சாய்ந்தார், கடைசியாக எப்போது சாப்பிட்டார், கட்டுப்பல் உண்டா, எந்த மருந்து ஒவ்வாது, கழுத்திலோ தொண்டையிலோ அறுவை சிகிச்சை நடந்ததுண்டா. முன்பு மயக்கம் கொடுத்தபோது “குழாய் போடுவது சிரமமாக இருந்தது” என்று எந்த மருத்துவராவது எழுதித் தந்திருந்தால், அந்தத் தாளை மருந்துப் பெட்டியிலேயே வையுங்கள். நான் அப்படி எழுதிக் கொடுத்த தாள்களில் பாதி அலமாரியின் அடியில் புடவைகளுக்குக் கீழே உறங்குகின்றன என்பது என் அனுமானம்.

வந்தவர் எந்தக் கருவியை எடுத்தாலும், “பெரிய குழாயைப் போடுங்கள்” என்று அவரை வற்புறுத்த வேண்டாம். கேட்க விரும்பினால், “மூச்சு உள்ளே போகிறதா?” என்று கேளுங்கள். நெஞ்சு ஏறி இறங்குவதை உங்களுக்கே காட்டுவார்.

அந்தப் பெண்மணி இவற்றையெல்லாம் தம் கைப்பேசியில் குறித்துக்கொண்டார். எழுந்து செல்லும்முன், அன்றிரவு வந்த ஆம்புலன்ஸ் இளைஞரின் பெயர் தெரியுமா என்று கேட்டார். தாளில் கையொப்பம் புரியவில்லை. வண்டியின் எண் இருந்தது. அதை எழுதிக் கொடுத்தேன்.